வாங்குபவருக்கு எப்போது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் மின்சாரக் கார் மேல் மக்களுக்கு ஆர்வமில்லை என்று சென்ற இதழ்க் கட்டுரையில் படித்தேன். அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஆர்வம் நிறைய இருக்கிறது, விலைதான் எட்டவில்லை.

என் மகன் தினமும் சாட்ஸ்வொர்த்திலிருந்து உம்லாங்காவுக்கு வேலைக்குப் போய்வருகிறான். போன மாதம் அவனோடு ஒரு ஷோரூமுக்குப் போனேன். மின்சாரக் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியவன், "அம்மா, சத்தமே இல்லை!" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னான். பிறகு விற்பனையாளர் மாதத் தவணையைக் கணக்குப் போட்டு ஒரு தாளை நீட்டினார். அதைப் பார்த்ததும் மகன் பேசவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "கொஞ்சம் பொறுங்கள், அரசாங்கம் ஏதோ சலுகை தரப் போகிறதாம்" என்றார் விற்பனையாளர்.

அந்தப் "பொறுங்கள்" இன்னும் என்னை உறுத்துகிறது. மின் வாகனங்கள் பற்றி அரசு தன் கொள்கையைச் சொன்ன வெள்ளை அறிக்கை வந்தது 2023 டிசம்பரில். சலுகை வரும் என்று பேச்சு கிளம்பிவிட்டால் யார் உடனே வாங்குவார்கள்? இன்று வருமா, நாளை வருமா என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். அப்புறம், வாங்க ஆளில்லை என்று கட்டுரை எழுதுகிறோம்.

வந்த சலுகையும் ஆலைகளுக்குத்தான். 2026 மார்ச் 1 முதல் மின்சார வாகன உற்பத்தியில் போடும் முதலீட்டுக்கு 150 விழுக்காடு வரிக் கழிவு, அதாவது நூறு ராண்டு போட்டால் வரிக் கணக்கில் நூற்றைம்பதைக் கழித்துக்கொள்ளலாம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ப்ராஸ்பெக்டன் கார் ஆலையை நம்பி எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. நம் கார்களுக்குப் பெரிய ஏற்றுமதிச் சந்தையான ஐரோப்பா மின்சாரத்துக்கு மாறும்போது நாமும் மாறத்தான் வேண்டும். ஆனால் வாங்குபவருக்கு என்ன கிடைத்தது? ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு இறக்குமதி வரி 18 விழுக்காடு, மின்சாரக் காருக்கு 25. அதோடு ஆடம்பர வரி. அது விலை ஏற ஏறத் தானும் ஏறி 30 விழுக்காடு வரை போகும். பேட்டரியால்தான் இந்தக் கார்களின் விலை கூடுகிறது. கூடிய விலையே இன்னும் அதிக வரியை இழுத்து வருகிறது. இவ்வளவுக்கும் மேலே 15 விழுக்காடு வாட் என்னும் மதிப்புக் கூட்டு வரி.

இதனால் கையில் பணமாக மானியம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இந்தியாவில் 2023 ஜூனில் மின்சார ஸ்கூட்டர் மானியத்தின் உச்சவரம்பை விலையில் 40 விழுக்காட்டிலிருந்து 15 ஆக்கினார்கள். மே மாதம் லட்சத்தைத் தாண்டிய விற்பனை ஜூனில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஜூனில் வாங்க வேண்டியவர்கள் அவசரமாக மே மாதமே வாங்கியிருப்பார்கள். ஜெர்மனி 2023 டிசம்பரில் மானியத்தைத் திடீரென நிறுத்தியது, 2024-ல் மின்சாரக் கார் விற்பனை 27 விழுக்காடு சரிந்தது. அங்கே இன்னொன்றும் நடந்தது. அரசு கைவிட்ட தொகையைச் சில கம்பெனிகள் தாங்களே தள்ளுபடியாகக் கொடுத்தன. அப்படிக் குறைக்க இடம் இருந்தது என்றால், அதுவரை மானியத்தில் ஒரு பங்கு விற்பவர் பைக்குத்தான் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நார்வேயின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. காசு கொடுக்காமல் வரியை நீக்கினார்கள், அதையும் பல வருடம் விடாமல் வைத்திருந்தார்கள். 2023-ல், காரின் விலையில் முதல் 5,00,000 குரோனருக்கு (அவர்கள் நாணயம்) மட்டும்தான் வாட் விலக்கு என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2024-ல் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்.

பெட்ரோல் வரி குறைந்துவிடும் என்ற கவலை நம் அரசுக்கு இருக்கும். 2025-ல் லிட்டருக்கு 6 ராண்டுக்கு மேல் எரிபொருள் வரியாகவும் சாலை விபத்து நிதியாகவும் போனதே. சரி, அதற்காகத்தான் நார்வே மாதிரி சலுகைக்கு ஒரு விலை உச்சவரம்பு கேட்கிறேன். மின்சாரக் காருக்கும் இறக்குமதி வரி 18 விழுக்காடு போதும். சாதாரணக் குடும்பம் வாங்கும் விலை வரை ஆடம்பர வரி வேண்டாம். இது எந்தத் தேதியில் தொடங்கும், எந்த வருடம் வரை இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த முறை மின்சாரக் கார் பற்றி எழுதும்போது, ஒரு காரின் விலையில் எவ்வளவு வரி என்ற கணக்கையும் தயவுசெய்து போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நீண்டநாள் வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்.