ஆண்டறிக்கை: பிள்ளைகளுக்குப் பத்தி எழுதப் பழக்கிய ஓராண்டு

தலைவர் ஐயா அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், ஞாயிறுதோறும் தங்கள் வீட்டுப் பட்டாலையை (கூடத்தை) வகுப்புக்குத் திறந்துவிட்ட ஆச்சி அவர்களுக்கும், பெற்றோர்களுக்கும், முன்வரிசையில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். படிப்பகத்தின் கூரையில் உடைந்த ஓடுகள் ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றப்பட்டன. நாளிதழ்களும் வார இதழ்களும் தடையின்றி வந்தன. செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இனி இந்த ஆண்டு நாம் முழு மனத்தோடு செய்த ஒரே வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர், "நம் பிள்ளைகள் நன்றாகப் பேசுகிறார்கள், நன்றாகப் படிக்கிறார்கள், எழுதச் சொன்னால் மட்டும் ஏன் தடுமாறுகிறார்கள்?" என்று கேட்டார். அதை அறிய எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளை வாங்கிப் பார்த்தோம். எழுத்துப் பிழை நாங்கள் அஞ்சிய அளவுக்கு இல்லை. குறளும் பாரதியும் மேற்கோளாக வந்திருந்தன. முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை எல்லாம் சட்டகப்படி இருந்தன. ஆனால் ஓர் உட்தலைப்பின் கீழே இருந்த வாக்கியங்களை இடம் மாற்றிப் படித்துப் பார்த்தோம். முதல் வாக்கியத்தைக் கடைசியில் வைத்தோம், கடைசி வாக்கியத்தை நடுவில் வைத்தோம். பொருள் கொஞ்சமும் கெடவில்லை. கோளாறு அங்கேதான் இருந்தது. எந்த வாக்கியமும் அடுத்த வாக்கியத்துக்குக் கை கொடுக்காமல் தனித்தனியே நின்றது. பிள்ளைகளிடம் சொல்லுக்கும் செய்திக்கும் பஞ்சமில்லை. எதை எதற்குப் பக்கத்தில் வைப்பது என்பதை யாரும் அவர்களுக்குக் கற்றுத் தரவில்லை.

அதைக் கற்றுத் தரவே ஞாயிறு வகுப்பைத் தொடங்கினோம். முதல் இரண்டு மாதம் அதில் நான் செய்த தவறையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். கரும்பலகையில் விதிகளை எழுதினேன். ஒரு பத்தியில் ஒரு கருத்து, அதைச் சொல்லும் முதன்மை வாக்கியம், அதைத் தாங்கும் வாக்கியங்கள் என்று வரிசையாக எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னேன். விதிகளில் குறை எதுவும் இல்லை. பிள்ளைகள் அவற்றை ஒப்பித்துவிட்டு, எழுதும்போது பழையபடியே எழுதினார்கள். மூன்றாம் மாதம் பாதிப் பேர் வரவில்லை.

வகுப்பை மீட்டுத் தந்தவர் நம் மூத்த உறுப்பினர், ஓய்வு பெற்ற கணக்கர் ஐயா அவர்கள். ஒரு ஞாயிறு அவர் தம் தகப்பனார் காலத்து வட்டிக்கடைச் சிட்டை ஒன்றையும் பேரேடு ஒன்றையும் துணியில் சுற்றி எடுத்து வந்தார். சிட்டையில் ஒரு நாள் பக்கத்தைப் பிரித்து வாசித்தார். நெல் வாங்கியது, வட்டி வந்தது, வண்டிக்கூலி கொடுத்தது, கோவில் மகமை, மறுபடியும் நெல், மறுபடியும் வட்டி. நடந்தது நடந்த வரிசையில் அப்படியே இருந்தது. பிறகு பேரேட்டைப் பிரித்தார். நெல் எல்லாம் ஒரு பக்கம், வட்டி எல்லாம் ஒரு பக்கம். "சிட்டை இல்லாமல் பேரேடு எழுத முடியாது. ஆனால் சிட்டையையே கணக்கு என்று முதலாளியிடம் நீட்டவும் முடியாது. நீங்கள் கட்டுரை நோட்டில் எழுதுவது சிட்டை. அதைப் பேரேட்டில் ஏற்றப் பழகுங்கள்" என்றார். இரண்டு மாதம் நான் மூச்சுப்பிடித்துச் சொன்னதைப் பிள்ளைகள் அந்தப் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று முதல் நம் வகுப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் முதலில் சிட்டை போடுவது வழக்கமாயிற்று. மனத்தில் தோன்றியதை எல்லாம் துண்டு துண்டாக, வரிசை பாராமல் எழுத வேண்டும். பிறகு ஒரே இனத்தைச் சேர்ந்தவற்றுக்கு ஒரே குறி போட வேண்டும். ஒரு குறி ஒரு பத்தி. எந்தக் குறியிலும் சேராத வரிகளை என்ன செய்வது என்று ஒரு பையன் கேட்டான். "அடித்துவிடாதே தம்பி, அதற்கு வேறு ஒரு பக்கம் இருக்கும், நீ இன்னும் திறக்கவில்லை" என்று கணக்கர் ஐயா சொன்ன பதிலை இன்று வரை பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய பத்தியை அவள் அனுமதியோடு இங்கே வாசிக்கிறேன். தலைப்பு, எங்கள் ஊர் ஊருணி. ஆனி மாதம் எழுதியது இது: "எங்கள் ஊரில் ஊருணி உள்ளது. அது மிகவும் அழகானது. நீர் உயிரினங்களுக்கு இன்றியமையாதது. நீரின்றி அமையாது உலகு என்றார் வள்ளுவர். மேலும் ஊருணியில் படிக்கட்டுகள் உள்ளன. எனவே நீரைச் சேமிப்போம்."

கார்த்திகையில் அதே பிள்ளை எழுதியது இது: "எங்கள் ஊருணியில் யாரும் கால் நனைக்க மாட்டார்கள். குடத்தைச் சாய்த்து மொண்டுகொண்டு படியேறிவிடுவார்கள். குழாய் வந்த பிறகும் பருப்பு வேக இந்தத் தண்ணீர்தான் வேண்டும் என்று என் அப்பத்தா ஒரு குடம் எடுத்து வரச் சொல்வார். அதனால் ஆடு மாடு இறங்காமல் சுற்றிலும் கல்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சுவரில் ஒரு கல் பெயர்ந்தால் அன்று மாலையே யாராவது எடுத்து வைத்துவிடுவார்கள்."

இரண்டாவது பத்தியில் குறள் இல்லை, "அழகானது" இல்லை, "சேமிப்போம்" என்ற அறிவுரையும் இல்லை. ஊர் தன் குடிநீரை எப்படிக் காக்கிறது என்ற ஒரே செய்தி முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை ஓடுகிறது. இதில் எந்த வாக்கியத்தையும் இடம் மாற்ற முடியாது. படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை இந்த அவையில் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

வாக்கியத்தோடு வாக்கியத்தை இணைக்கப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே கருவி "மேலும்" என்ற சொல். ஒரு நோட்டில் ஒரே பக்கத்தில் ஒன்பது முறை அது வந்திருந்தது. அதிலிருந்து அவர்களை விடுவிக்க அந்தாதிப் பயிற்சி கொடுத்தோம். வீட்டில் பாட்டிமார் அந்தாதி பாராயணம் செய்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தானே! ஒரு வாக்கியத்தின் முடிவிலிருந்து அடுத்த வாக்கியம் தொடங்க வேண்டும். ஒரு நாள் நல்ல மழை. பட்டாலையில் உட்கார்ந்து உள்முற்றமான வளவைப் பார்த்துக்கொண்டே நான்கு பிள்ளைகள் ஆளுக்கொரு வாக்கியமாகச் சொன்னார்கள். "கூரையில் பெய்த மழை முற்றத்தில் விழுகிறது. விழுந்த நீர் கிடாரத்தில் நிறைகிறது. நிறைந்து வழிந்தது வடிகால் வழியே தெருவுக்குப் போகிறது. தெருவில் ஓடும் நீர் ஊருணியைச் சேர்கிறது." எல்லாப் பத்தியையும் அந்தாதியாக எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஆனால் முன் வாக்கியத்தில் ஒரு கை, பின் வாக்கியத்தில் ஒரு கை என்ற பழக்கம் அதனால் வந்தது. "மேலும்" தானாகவே குறைந்தது.

தை மாதத்தில் ஒரு பையன் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போய் வந்தான். அடுத்த ஞாயிறு அவன் சொன்னதை வகுப்பே வாய் பிளந்து கேட்டது. எழுதச் சொன்னோம். "மஞ்சுவிரட்டு தை மூன்றாம் நாள் நடைபெறும். அது தமிழர் வீர விளையாட்டு. மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது" என்று மூன்று வரி எழுதிவிட்டு நிமிர்ந்தான். அவனை மறுபடி சொல்லச் சொல்லி, பக்கத்தில் இருந்த பிள்ளை அப்படியே சிட்டை போட்டாள். நோட்டை எடுத்தவுடன் பிள்ளைகள் தங்கள் குரலை விட்டுவிட்டு யாருடைய குரலையோ கடன் வாங்குகிறார்கள் என்று அன்று விளங்கிற்று. அவன் வாயால் சொன்னதில் வரிசை சரியாக இருந்தது, காரணம் சரியாக இருந்தது, எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்திருந்தது. அதைத் தாளில் ஏற்ற ஒரு மாதம் ஆயிற்று.

ஆத்தங்குடிக்கு ஒரு நாள் பயணம் போனோம். தரைக்கல் போடும் பட்டறையில் பிள்ளைகள் அரை நாள் நின்று பார்த்தார்கள். கண்ணாடியைத் துடைத்து, சட்டத்தையும் பூவேலை அச்சையும் அதன்மேல் வைத்து, ஒவ்வொரு அறையிலும் வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே ஈரக் கலவையைப் போட்டு மட்டம் செய்கிறார்கள். பிறகு தொட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊற வைக்கிறார்கள். செய்முறையை எழுதுவது எளிது என்று நினைத்தோம். காலம் தானே வரிசையைக் கொடுத்துவிடும், எழுதுகிறவர் கெடுக்காமல் இருந்தால் போதும் என்று எண்ணினோம். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எங்களை வியக்க வைத்தாள். பத்தி முழுவதும் மண்ணும் கலவையுமாக எழுதிக்கொண்டே போய், கடைசி வரியில்தான், "கண்ணாடியைப் பிரித்தபோது பூ தெரிந்தது, முதலில் ஊற்றிய வண்ணம் இவ்வளவு நேரம் அடியில்தான் இருந்திருக்கிறது" என்று எழுதியிருந்தாள்.

முதன்மை வாக்கியம் பத்தியின் தொடக்கத்தில்தான் நிற்க வேண்டும் என்று ஆங்கிலப் பாடத்தில் சொல்லித் தருகிறார்கள். புதிதாக எழுதுகிறவருக்கு அது நல்ல ஊன்றுகோல், நாமும் முதலில் அப்படித்தான் பழக்கினோம். ஆனால் காரணத்தை முன்னே வைத்து முடிவைப் பின்னே வைப்பது தமிழின் இயல்பான நடை. நம் வாக்கியத்தில் வினையே கடைசியில்தானே வருகிறது. எனவே முதன்மை வாக்கியம் இல்லாமல் பத்தி கூடாது, அது நிற்கும் இடம் எழுதுகிறவர் உரிமை என்று வகுப்பில் தீர்மானித்துக்கொண்டோம்.

பத்தி பிரிப்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்த வழக்கம்தானே என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. ஓலைச்சுவடியில் பத்தி இடைவெளி கிடையாது, சொல்லும் சொல்லும் ஒட்டியே ஓடும், மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்க மாட்டார்கள். அச்சு வந்த பிறகுதான் நிறுத்தக்குறியும் பத்தியும் தமிழ் உரைநடையில் நிலைபெற்றன. அந்தப் பணியில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கு (1822–1879) பெரும் பங்கு உண்டு. ஆங்கிலத்தில்கூடப் பத்திக்கு முறையாக இலக்கணம் சொன்ன ஸ்காட்லாந்து அறிஞர் அலெக்சாண்டர் பெயின் அதை எழுதியது 1866-இல்தான். ஆனால் வரிசைப்படுத்தும் சிந்தனை நமக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் நூலுக்குரிய பத்து அழகுகளுள் "முறையின் வைப்பே" என்று ஒன்றைச் சொல்கிறார். பத்துக் குற்றங்களுள் கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் ஆகிய மூன்றும் நம் பிள்ளைகளின் நோட்டுக்கென்றே எழுதியதுபோல இருந்தன.

இவற்றையே திருத்தக் குறிகளாக ஆக்கிக்கொண்டோம். பிள்ளைகள் ஒருவர் நோட்டை ஒருவர் வாங்கி, ஓரத்தில் பென்சிலால் 'கூ', 'ம', 'தே' என்று குறிக்கிறார்கள். ஊருணியில் தொடங்கிய பத்தி நடுவில் தேர்த் திருவிழாவுக்குப் போனால் 'ம'. வேகமாகத் தொடங்கி, கடைசியில் சொல்ல எதுவும் இல்லாமல் மெலிந்தால் 'தே'. சிவப்பு மையை நாங்கள் தொடவே இல்லை. சிவப்பு மையில் ஒற்றுப்பிழை மட்டும் சுழிக்கப்பட்ட நோட்டைப் பார்த்தால் பிள்ளை ஒற்றை மட்டும் திருத்திக்கொள்கிறது.

பங்குனியில் காரைக்குடிக் கம்பன் விழாவுக்கு அழைத்துச் சென்றோம். சா. கணேசன் அவர்கள் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரும் பேறு. ஒரு சொற்பொழிவைக் கேட்டு, அதன் மையக் கருத்தை மட்டும் ஒரே பத்தியில் எழுதுவது வேலை. பலருக்கு வந்தது, சிறியவர்களுக்கு வரவில்லை.

பெற்றோர் சிலர் கவலைப்பட்டார்கள். உட்தலைப்பையும் மேற்கோளையும் விட்டுவிட்டால் தேர்வில் மதிப்பெண் குறையுமே என்றார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. தேர்வுக்கு வேண்டிய சட்டகத்தைப் பிள்ளைகள் விட வேண்டியதில்லை, அந்தச் சட்டகத்தின் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒழுங்கான ஒரு பத்தியை வைக்கட்டும் என்று சொல்லி, தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் அதற்கே ஒதுக்கினோம். மேற்கோளையும் விலக்கவில்லை. பத்தி கேட்கும் இடத்தில் மட்டும் வை என்றோம்.

செய்ய முடியாமல் போனவையும் உண்டு. ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த முறை எட்டவில்லை. அவர்களுக்குத் தனி வகுப்பு வேண்டும். பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் மாலை பஸ்ஸைப் பிடிக்கப் பாதியில் எழுந்து போக நேர்ந்தது. வரும் ஆண்டில் வகுப்பைக் காலை நேரத்துக்கு மாற்றச் செயற்குழு இசைந்திருக்கிறது.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டகங்களில் பர்மா, மலேயாவிலிருந்து அப்பச்சிமார், ஐயாமார் எழுதிய பழைய கடிதங்கள் இருக்கலாம். குடும்பச் செய்தி, கடைச் செய்தி, கோவில் செய்தி என்று பல சங்கதிகளை ஒரே தாளில் குழப்பமில்லாமல் எழுதியவர்கள் அவர்கள். வெளியில் படிக்கலாம் என்று நீங்கள் கருதும் கடிதங்களின் படியைத் தந்து உதவினால் வரும் ஆண்டின் பாடம் அவற்றிலிருந்தே தொடங்கும். படிகளைச் சித்திரை முடிவதற்குள் படிப்பகத்தில் கொடுத்தால் நலம்.

கணக்கர் ஐயா, பட்டாலை தந்த ஆச்சி, ஆத்தங்குடிப் பட்டறையில் வேலையை நிறுத்தி நிறுத்திக் காட்டிய தொழிலாளர்கள் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையை வேண்டுகிறேன்.

செயலாளர்