வாரம் ஒருமுறை ஒரு மரம்

உறுப்பினர்களுக்கு வணக்கம். மரங்கள் எப்போது துளிர்க்கின்றன, பூக்கின்றன, காய்க்கின்றன என்று பொதுமக்களே பார்த்துப் பதியும் திட்டம் சீசன்வாட்ச். 2010 முதல் நடந்துவரும் இந்த மரக் கண்காணிப்பில் நம் குழுவும் சேர்கிறது. கேரளப் பள்ளிப் பிள்ளைகள் இதை வருடக்கணக்கில் செய்து வருகிறார்கள், நம் பிள்ளைகளும் செய்யட்டும்.

வீட்டருகே வேம்பு, புளி, சரக்கொன்றை என ஏதாவது ஒரு மரம். வாரம் ஒருமுறை துளிர், மொட்டு, பூ, காய் பார்த்து ‘இல்லை, கொஞ்சம், நிறைய’ என்று சீசன்வாட்ச் செயலியில் பதிய வேண்டும். பூவே இல்லாத வாரத்தையும் விடாதீர்கள், அதுவும் தகவல்தான். சித்திரையில் பூக்கும் கொன்றை முன்கூட்டியே பூத்தால் அது அந்த வருட வெயிலாலா, பருவமே மாறுகிறதா என்று சொல்லப் பல வருடப் பதிவு வேண்டும். அதனால்தான் இளையவர்கள் முக்கியம்.

போன் இல்லாத பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும், அக்கா அண்ணன்கள் ஏற்றிவிடுங்கள். ஞாயிறுக்குள் உங்கள் மரத்தின் படத்தை இங்கே போடுங்கள்.