பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்: பிள்ளைகள் செய்யும் மரக் கார்களின் பந்தயம் குறித்து

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது. கோத்தகிரியில் காலை உறைபனி இன்னும் விட்டபாடில்லை. ஸ்வெட்டர், குல்லா இல்லாமல் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். அரையாண்டுத் தேர்வு முடிவுகள் திருப்தியாகவே உள்ளன. பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, விளையாட்டு எல்லாவற்றிலும் நம் மாணவர்கள் பரிசு பெற்றிருக்கிறார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள். மாடிப்படிப் பக்கத்துக் குடிநீர்க் குழாயும் சரிசெய்யப்பட்டுவிட்டது.

இனி மரக் கார் பந்தயத்துக்கான டிராக் விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளைகள் கையாலேயே செய்த சின்ன மரக்கார்களை சரிவில் விட்டுப் பந்தயம் வைப்பது 1953-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. சாரணர் குழுத் தலைவரான டான் மர்ஃபி, பெரிய பிள்ளைகளின் கார் பந்தயத்தில் சேர வயது போதாத தன் மகனுக்காக இதை யோசித்தார். ஏழு அங்குல மரக்கட்டை, நாலு ஆணி, நாலு சக்கரம், மொத்த எடை ஐந்து அவுன்ஸ், அதாவது சுமார் 142 கிராம். அந்த அளவுகளைத்தான் நாமும் வைத்துக்கொண்டோம்.

டிராக்கை நம் பள்ளிக் கூடத்திலேயே கட்டினோம். எட்டடிக்கு நாலடி பிளைவுட் இரண்டு வாங்கி, நீளவாக்கில் அறுத்து, நாலு துண்டையும் முட்டுக்கு முட்டு சேர்த்ததில் 32 அடி. ஆரம்ப முனை நாலடி உயரம். தடம் நான்கு. ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் கால் அங்குல உயரத்தில் ஒரு பட்டை ஓடும். சக்கரங்கள் அதன் இரு பக்கமும் போவதால் கார் பக்கத்துத் தடத்துக்குத் தாவாது. தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கும் பெற்றோர் ஒருவர் கீலும் ஸ்பிரிங்கும் வைத்து, நாலு காரும் ஒரே நொடியில் கிளம்பும்படி கதவு செய்து தந்தார். ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகை ஈரம் குடித்து இணைப்புகளில் உப்பிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத அந்த மேட்டை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விரல் நகத்தால் தடவித் தடவியே கண்டுபிடித்தார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலும் கீழும் வார்னிஷ் அடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து ஸ்க்ரூக்களை இறுக்கியதும் அவர்களே. நம் மலை ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் பிடித்து ஏறும் சரிவு 12-க்கு 1, அதாவது 12 அடி போனால் 1 அடி உயரம். நம் டிராக்கின் தொடக்கச் சரிவு ஏறக்குறைய 2-க்கு 1 என்று கணக்குப் போட்டுக் கரும்பலகையில் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

சென்ற சனிக்கிழமை சோதனை ஓட்டம் நடந்தது. வந்திருந்த பெற்றோர்களின் ஆர்வம் மகிழ்ச்சி அளித்தது. சில இடங்களில் அது சற்றுக் கூடுதலாகவே இருந்தது என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கொண்டுவந்த கார் ஷோரூமிலிருந்து இறங்கியது போல மின்னியது. "ஆணியை எப்படிப்பா நேராக்கினே?" என்று ஆசிரியை கேட்டார். பையன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். அப்பா பதில் சொன்னார், விவரமாகவே சொன்னார். இதே நிலையில் வேறு சில கார்களும் இருந்தன. சில கார்கள் பட்டறையில் காசு கொடுத்துச் செய்யப்பட்டவை என்று பிள்ளைகளே என்னிடம் சொன்னார்கள். பிள்ளைகள் பொய் சொல்லப் பழகவில்லை. முடிவுக் கோட்டில் கைப்பேசியோடு நின்ற மாணவிகளிடம், "என் வீடியோவில் வேறு மாதிரி தெரிகிறது" என்று பெரியவர் ஒருவர் வாதாடினார். மூன்று நொடியில் முடிகிற ஓட்டத்துக்குக் கால் மணி நேரப் பேச்சு.

அடுத்தது இதைவிட வருத்தமானது. இரண்டாம் தடம் மெதுவாக இருக்கிறது என்று கருதிய யாரோ, மதிய இடைவேளையில் ஓர் இணைப்பின் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் கார்கள் துள்ளின. ஒரு சிறுமியின் காரில் முன்சக்கரம் தெறித்துவிட்டது. யார் என்று நான் விசாரிக்கப் போவதில்லை. ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: டிராக்கில் பெரியவர்கள் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் பந்தயம் அங்கேயே நிறுத்தப்படும். பட்டறையில் செய்த கார் டிராக்கில் ஏறாது. யார் பிள்ளையானாலும் சரி.

எல்லாக் காரும் நாலு தடத்திலும் ஒருமுறை ஓடும். ஆகவே எந்தத் தடம் யாருக்கு என்ற கவலை வேண்டாம். கார் செய்ய வீட்டுக்குக் கொடுத்த கட்டைகளைத் திரும்ப வாங்கிப் பள்ளி அலமாரியில் வைத்துவிட்டோம். இனி வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளையில் பிள்ளைகள் இங்கேயே செய்வார்கள். வீட்டிலிருந்து சில்வர் ஓக் வெட்டித் தருவதாகச் சொன்ன அன்பர்களுக்கு நன்றி. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் வெட்டிய மரத்தைப் பள்ளி வாங்க இயலாது. பட்டறை மிச்சத் துண்டுகளே நமக்குப் போதும்.

உதவவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மின்ரம்பமும் டிரில்லும் பெரியவர்கள் வேலைதான். அதற்கு ஆள் தேவை. வரைவது, இழைப்பது, ஆணி ஏற்றுவது பிள்ளைகள் வேலை. ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர் எடைக்கான நட்டுகளை முன்பக்கத்திலிருந்து கழற்றிப் பின்பக்கத்தில் ஒட்டி, காரை மறுபடி ஓட விட்டார். வேகம் கூடியது. சரிவில் நிற்கும்போது பின்பக்கம்தானே உயரத்தில் இருக்கிறது, எடையும் அங்கே இருந்தால் அது கூடுதல் உயரத்திலிருந்து இறங்கும் என்று அவரே விளக்கினார். பென்சில் கரியைப் பொடித்து ஆணியில் தடவினால் உராய்வு குறையும் என்று கண்டதும் அதே குழுதான். உங்களில் பலர் இதே மேட்டுத் தெருக்களில் பேரிங் வண்டி ஓட்டி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவர்கள். அந்த வண்டியை உங்கள் அப்பா செய்து தரவில்லை.

பலகை அறுத்துத் தந்த தச்சர் பெற்றோர்களுக்கும், மழையிலும் சனிக்கிழமை தவறாமல் வந்து பிள்ளைகளுக்கு உப்புத்தாள் தேய்க்கத் துணைநின்ற அம்மாக்களுக்கும், கதவு செய்த ஃபிட்டர் சாருக்கும் பள்ளியின் மனமார்ந்த நன்றி. உங்கள் உழைப்பு இல்லாமல் இந்த டிராக் இல்லை.

பந்தயம் பிப்ரவரி முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. பெற்றோர் இருக்கை கயிற்றுக்கு அந்தப் பக்கம். தேநீர் உண்டு. நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் கப்புக்குத் தடை இருப்பதால் டம்ளர் கொண்டு வரவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்