101 சென்ரிமீற்றர்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகளுக்கு,

பாரிஸ் டிஸ்னிலாண்ட் பூங்காவுக்குப் போவதற்கு நீ போட்டு அனுப்பிய அட்டவணையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தரம் படித்தேன். காலை எட்டரைக்கு வாசல், ஒன்பதுக்குப் பறக்கும் யானை, பத்துக்குக் கோட்டை, பன்னிரண்டுக்குச் சாப்பாடு, பன்னிரண்டரைக்குப் படகு, இரவு பதினொன்றுக்கு வாணவேடிக்கை. மூன்று நாளும் இப்படியே. வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு இதைச் செய்து முடிக்க எத்தனை இரவு நித்திரை முழித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். தொலைபேசியில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து படி.

முதலில் அந்த 101 சென்ரிமீற்றர். கதவு நிலையோடு சின்னவளை நிற்கவைத்து அளந்தீர்கள் என்றும், சுரங்க ரயில் என்ற அந்த வேகச் சவாரியில் ஏற 102 வேண்டும் என்றும், தடித்த அடி வைத்த சப்பாத்து வாங்கினால் சரியாகிவிடும் என்று மருமகன் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தாய். வேண்டாம் பிள்ளை. அவரிடமும் நான் சொன்னதாகவே சொல். அந்த வண்டியில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பிதான் மடிமேல் இறங்குகிறது. பெரியவரின் தொடையில் முட்டியதும் அது நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் சின்ன உடம்புக்கும் கம்பிக்கும் நடுவில் இடைவெளி விழும். வளைவில் வண்டி சாயும்போது அந்த இடைவெளிக்குச் சப்பாத்தின் உயரம் தெரியாது. ஒரு சென்ரிமீற்றர்தானே என்று நினைக்காதே. அடுத்த வருடம் அவள் தானாகவே வளர்ந்து நிற்பாள். நீங்கள் இருவரும் போக ஆசைப்பட்டால் ஒருவர் ஏறும்போது மற்றவர் பிள்ளையோடு நிற்கலாம், பிறகு திரும்பவும் வரிசையில் நிற்காமல் ஆள் மாறிக்கொள்ளலாம். வாசலில் கேட்டால் அந்த ஏற்பாட்டைச் செய்து தருவார்கள். அந்த ரயில் குளத்தின் நடுவில் உள்ள தீவில்தான் ஓடுகிறது. கரையில் ஏறுபவர்கள் தண்ணீருக்கு அடியில் போகும் சுரங்கத்தால் தீவுக்கு வருகிறார்கள். சின்னவளுக்கு அதைக் கரையில் நின்று காட்டு. "அப்பா எங்கே, அப்பா எங்கே" என்று தேடுவதே அவளுக்குப் பெரிய விளையாட்டாக இருக்கும்.

இதெல்லாம் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். 2012 இல் பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்நேவில் மாமா வீட்டில் ஒரு மாதம் நின்றேன் அல்லவா, அப்போது என்னையும் கூட்டிப்போனார்கள். 1992 ஏப்ரலில் திறந்த பூங்காவுக்கு அந்த வருடம் இருபதாவது ஆண்டு நிறைவுக் கொண்டாட்டம். ஷாத்தலேயில் ரயில் மாறி, மார்ன் லா வலே கிளையின் கடைசி நிலையத்தில் இறங்கினால் வாசல் அங்கேயே இருந்தது. மாமாவின் மகனுக்கு அப்போது ஐந்து வயது. தொலைக்காட்சியில் மிக்கியைக் கண்டால் சோற்றையும் மறந்துவிடுகிற பிள்ளை. நேரில் ஆளைவிடப் பெரிய உருவமாக அது கையை விரித்துக்கொண்டு வந்ததும் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மாமா படம் எடுக்க வேண்டும் என்பதற்காக அவனை இழுத்து இழுத்து முன்னால் விட்டார். அந்தப் படம் இன்னும் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதில் பிள்ளையின் கண்ணைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. சின்னவள் தூரத்தில் நின்று கையசைத்தால் அது போதும். கட்டிப்பிடி என்று சொல்லாதே.

இன்னொன்று. அந்த இளஞ்சிவப்புக் கோட்டைக்குக் கீழே ஒரு குகை இருக்கிறது. உள்ளே சங்கிலியால் கட்டிய ஒரு பறவைநாகம், தலை முதல் வால் வரை 27 மீற்றர் என்று மாமா சொன்னார். இருட்டில் கண் சிவக்கும், மூக்கால் புகை விடும், உறுமும். உன் அட்டவணையில் அதைக் "கோட்டை" என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டாய். மேலே போங்கள், மாடியில் கண்ணாடி யன்னல்கள் வெகு அழகு. கீழே இறங்குவதற்கு முன் அவளிடம் கேள், வேண்டாம் என்றால் விட்டுவிடு.

அன்று அந்தப் பையனுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். பல நாட்டு உடைகளில் பொம்மைகள் ஆடுகிற அந்தப் படகுச் சவாரி. அதற்கு உயரக் கட்டுப்பாடும் இல்லை. முதல் தரம் வாயைத் திறந்து பார்த்தான், இரண்டாம் தரம் பொம்மைகளுக்குக் கை காட்டினான், மூன்றாம் தரம் அடுத்து எந்தப் பொம்மை வரும் என்று எங்களுக்குச் சொன்னான். நாலாம் தரம் கேட்டபோது மாமாவின் முகம் மாறிவிட்டது. இவ்வளவு காசு கொடுத்து வந்து ஒன்றையே பார்ப்பதா என்றார். நான்தான் அவனைக் கூட்டிப்போனேன். நான் ஏன் போனேன் என்பதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

போன கிழமை அலுமாரியின் மேல்தட்டை ஒழுங்குபடுத்தும்போது அப்பாவின் பழைய கணக்குக் கொப்பி ஒன்று கைக்கு வந்தது. 1991. ஏப்ரல் பக்கத்தில் அவருடைய சின்ன எழுத்தில்: தெஹிவளை, பஸ், டிக்கெட், கடலை, ஐஸ்கிறீம். உனக்கு அப்போது சின்னவளின் வயது. மிருகக்காட்சிச்சாலைக்குப் போக வேண்டும் என்று நீ கேட்டுக் கேட்டு, அப்பா ஒரு நாள் லீவு போட்டார். நீ கேட்டது யானையை. பின்னேரம் யானைகள் வித்தை காட்டும், அதைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பது எங்கள் திட்டம். மார்ச் 2 ஆம் திகதி ஹவ்லொக் வீதியில் குண்டு வெடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எங்கே போனாலும் அடையாள அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் காலம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற பயம் எனக்குக் காலையிலிருந்தே இருந்தது.

யானைக் காட்சிக்குப் போகிற வழியில் ஒரு தொழிலாளி குழாய்த் தண்ணீர் அடித்துப் பாதையைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் சரிவில் ஓடி ஓரத்து வாய்க்காலில் விழுந்தது. அதில் ஓர் இலை மிதந்து போனது. நீ நின்றுவிட்டாய். இன்னோர் இலையைப் பொறுக்கிப் போட்டாய், அதுவும் போனது. அந்த மனிதர் உன்னைக் கண்டுவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு, குழாயைக் கொஞ்சம் உன் பக்கம் திருப்பி, உன் இலைக்கு வெள்ளம் விட்டார். நீ கைதட்டிச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அப்படி நீ சிரித்து வெகுநாளாகியிருந்தது.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வா என்றேன், வரவில்லை. இழுத்தேன், நிலத்தில் இருந்துவிட்டாய். யானை பார்க்கத்தானே வந்தோம் என்று சொல்லிக்கொண்டே உன் முதுகில் அடித்தேன். இரண்டு அடி. அந்த மனிதர் குழாயை மூடிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். உன்னை அப்பா தூக்கிக்கொண்டு நடந்தார். யானைகள் வந்தன, சனம் கைதட்டியது, நீ அவர் தோளில் விம்மி விம்மி நித்திரையாகிவிட்டாய். கைக்குள் நசுங்கிய இலை.

அப்பா அன்று என்னை ஒன்றும் சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. கொப்பியில் மட்டும், செலவைக் கூட்டிக் கோடு போட்டதற்குக் கீழே எழுதியிருக்கிறார்: "பிள்ளை யானை பார்க்கவில்லை. இன்னொரு நாள்." முப்பது வருடத்துக்கு மேல் அந்த வரி அலுமாரிக்குள் இருந்திருக்கிறது. எனக்கு இப்போதுதான் தெரியும்.

உனக்கு அது நினைவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு நினைவிருக்கிறது. அன்று உன்னை அடித்ததற்கு மன்னித்துக்கொள் மகள். பயத்தில் செய்தேன், ஆனால் பயந்தது நான், அடி வாங்கியது நீ.

அதனால்தான் உன் அட்டவணை எனக்குப் பயத்தைத் தந்தது. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்குத்தான் டிக்கெட் இல்லை, இவளுக்கும் முழுக் காசு கட்டியாயிற்று என்று நீ இரண்டு முறை சொன்னாய். கட்டிய காசைச் சிரித்துச் சிரித்துத் திருப்பித் தருவது நாலு வயதுப் பிள்ளையின் கடமை இல்லை. இலண்டனிலிருந்து பூங்கா வாசலுக்கே போன நேர் ரயிலை 2023 இல் நிறுத்திவிட்டார்கள் என்றும், பிரான்சின் லீல் நகரில் இறங்கி மாற வேண்டும் என்றும் சொன்னாய். அப்படியானால் முதல் நாளில் ஒன்றும் வைக்காதே. போய்ச் சேருங்கள், சாப்பிடுங்கள், படுங்கள். மற்ற நாட்களில் காலையில் இரண்டு சவாரி போதும். மத்தியானம் அறைக்குத் திரும்பி அவளை நித்திரை கொள்ளவிடு, பக்கத்தில் நீயும் படு. வாணவேடிக்கையை ஒரே ஓர் இரவுக்கு வைத்துக்கொள். இங்கே ஆறரைக்கு இருட்டிவிடும், ஜூலையில் அங்கே இருட்டவே பத்து மணியாகிறது. அந்த வெளிச்சத்தை நம்பி நீங்கள் பிள்ளையின் நேரத்தை மறந்துவிடுவீர்கள். சாப்பாட்டுக்கு மாமி புட்டும் முட்டைப் பொரியலும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தாள், வாங்கில் இருந்து சாப்பிட்டோம். அதைப் போல ஏதாவது செய்.

திங்கட்கிழமை மேல்வீட்டுப் பிள்ளைகளோடு காலிமுகத்திடலுக்குப் போனேன். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859 இல் அந்த நடைபாதையை முடித்தபோது ஒரு கல் நாட்டியிருக்கிறார். கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று தமக்குப் பின்னால் வருகிறவர்களைக் கேட்டிருக்கிறார். அந்த நாளில் ஓர் ஆளுநருக்கு இது தோன்றியிருக்கிறதே என்று அதன் முன்னால் நின்றேன். பிள்ளைகள் இறால் வடையைக் கையில் வைத்துக்கொண்டு அலை வரும்போது பின்னால் ஓடுவதும் அலை போகும்போது முன்னால் ஓடுவதுமாக ஒரு மணித்தியாலம் விளையாடினார்கள். நான் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன்.

அங்கே போனதும் சின்னவள் எதன் முன்னால் தானாக நிற்கிறாள் என்று பார்த்து எனக்கு எழுது. கோட்டையாக இருக்கலாம், குப்பைத் தொட்டியின் மேல் இருக்கும் குருவியாகவும் இருக்கலாம். அதைப் படம் எடுத்து அனுப்பு.

டிசம்பரில் நீங்கள் வரும்போது தெஹிவளைக்குப் போவோம். காலையிலேயே போவோம். அப்பாவின் அந்த வரிக்குக் கீழே திகதி போட்டு நான் ஒரு வரி எழுத வேண்டும்.

அன்புடன்,
அம்மா.

பி.கு.: அடுத்த மாதம் இலண்டன் வருகிற பக்கத்து வீட்டு அன்ரியிடம் சின்னவளுக்குப் பருத்தித் தொப்பியும் உனக்கு மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன். நம் அறைக் கதவு நிலைக்கு வர்ணம் பூச அப்பா கடைசிவரை விடவில்லை, பென்சில் கோடுகள் அப்படியே இருக்கின்றன. நேற்று நாடா வைத்து அளந்து பார்த்தேன். நாலு வயதில் நீ 99.