கிரெடிட் கிடைக்குமா என்பதைப் பாடம் எடுக்கும் முன்பே கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐபி டிப்ளமோ (இன்டர்நேஷனல் பேக்கலரியேட் என்ற பன்னாட்டு அமைப்பின் பள்ளி இறுதி இரண்டாண்டுப் படிப்பு) பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் "இதைப் படித்தால் பல்கலைக்கழகத்தில் கிரெடிட் கிடைக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கிரெடிட் என்றால், பள்ளியில் படித்ததையே பல்கலைக்கழகப் பாடமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வது. அதே வரியை நம்பி நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் ஐபி படித்தவள். மொத்தம் ஆறு பாடம். பெரும்பாலும் மூன்று ஹயர் லெவல், மூன்று ஸ்டாண்டர்ட் லெவல். எதை எந்த லெவலில் எடுப்பது என்று பள்ளியில் கேட்டபோது, எதில் மார்க் வருமோ அப்படி எடுங்கள் என்றார்கள். வேதியியலை ஸ்டாண்டர்டில் எடுத்தாள், 7-க்கு 7 வாங்கினாள், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அமெரிக்காவில் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அவள் சேர்ந்த பல்கலைக்கழகத்தில் ஸ்டாண்டர்ட் லெவலுக்குக் கிரெடிட்டே கிடையாது. ஹயர் லெவலில் 5 வாங்கிய தோழிக்கு முதலாண்டு வேதியியல் கழிந்துபோனது. 7 வாங்கிய இவள் தெரிந்த பாடத்தையே மறுபடி ஒரு செமஸ்டர் உட்கார்ந்து படித்தாள், அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம் கட்டினோம்.

இதில் பல்கலைக்கழகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஹயர் லெவலுக்கு 240 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும் என்பது ஐபியின் பரிந்துரை, ஸ்டாண்டர்டுக்கு 150 மணி நேரம்தான். முதலாண்டுப் பாடத்துக்கு ஈடாக எதை எடுத்துக்கொள்வது என்று அவர்கள் பார்க்கிறார்கள், நியாயம்தான். யாரும் எங்களிடம் முன்னாடியே சொல்லவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

அதோடு, இது இடத்துக்கு இடம் மாறும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டிப்ளமோவில் 45-க்கு 30 அல்லது அதற்கு மேல் வாங்கினால் 30 குவார்ட்டர் யூனிட் தருகிறார்கள், அதாவது 20 செமஸ்டர் யூனிட் (யூனிட் என்பது கிரெடிட்டை அளக்கும் அலகு; குவார்ட்டர், செமஸ்டர் என்பவை கல்வியாண்டைப் பிரிக்கும் இரண்டு முறைகள்). முழு டிப்ளமோ இல்லாவிட்டாலும் 5 அல்லது அதற்கு மேல் எடுத்த ஒவ்வொரு ஹயர் லெவல் தேர்வுக்கும் 8 குவார்ட்டர் யூனிட் உண்டு. டெக்சாஸில் இது சட்டமாகவே இருக்கிறது: டிப்ளமோ முடித்து எந்தத் தேர்விலும் 4-க்குக் குறையாமல் இருந்தால், அரசுப் பல்கலைக்கழகங்கள் குறைந்தது 24 செமஸ்டர் கிரெடிட் தர வேண்டும். என் மகள் அங்கே சேர்ந்திருந்தால் அந்த ஸ்டாண்டர்ட் லெவல் 7-கூட வீணாகியிருக்காது! பிரிட்டனில் பெரும்பாலும் இந்த மார்க் சேர்க்கைக்கு மட்டும்தான், அதை வைத்து மூன்று வருடப் படிப்பைக் குறைப்பது அரிது.

அமெரிக்காவின் காலேஜ் போர்டு அமைப்பு பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) தேர்வுகளை எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். மார்க் 1 முதல் 5 வரை. சில இடங்களில் 3 போதும், சில இடங்களில் 5 வாங்கினால்தான் பேச்சே. ஏபி கேப்ஸ்டோன் டிப்ளமோ என்று ஒன்று இருக்கிறது, ஏபி செமினார், ஏபி ரிசர்ச் என்ற இரண்டு பாடங்களிலும் இன்னும் நான்கு ஏபி தேர்வுகளிலும் 3-க்குக் குறையாமல் வாங்க வேண்டும். டிப்ளமோ என்ற பெயரைப் பார்த்து அதற்கே தனியாகக் கிரெடிட் வரும் என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் தேர்வுக்குத் தேர்வுதான் கணக்குப் பார்ப்பார்கள். ஒரே பாடத்தை ஐபியிலும் ஏபியிலும் எழுதினால் இரண்டு முறை கிடைக்காது.

அப்புறம், கிரெடிட் கிடைத்துவிட்டது என்றாலும் அது எந்தக் கணக்கில் விழுகிறது என்று பாருங்கள். பிரதான பாடத்தில் ஒரு வகுப்பு குறைந்தால் உண்மையான லாபம். வெறும் விருப்பப் பாடக் கணக்கில் 20, 30 யூனிட் சேர்ந்து கிடந்தாலும் பட்டம் ஒரு நாள்கூட முன்னால் வராமல் போகலாம். மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளைகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், பள்ளியில் வாங்கிய கிரெடிட்டைச் சில மருத்துவக் கல்லூரிகள் முன்தேவைப் பாடமாக ஏற்பதில்லை.

பையன் விஷயத்தில் உஷாராகிவிட்டோம். லெவல் முடிவு செய்யும் முன்பே, அவன் விண்ணப்பிக்க நினைத்த ஐந்து பல்கலைக்கழகங்களின் கிரெடிட் பட்டியலை எடுத்து ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். பொறியியல் என்று முடிவாக இருந்ததால் கணிதமும் இயற்பியலும் ஹயரில் எடுத்தான். கணிதத்தில் கிரெடிட் கிடைத்தும் அந்த முதல் வகுப்பைத் தாண்டலாமா வேண்டாமா என்று யோசித்து, பழைய இறுதித் தேர்வுத் தாள் ஒன்றைப் போட்டுப் பார்த்த பிறகுதான் தாண்டினான். அப்படிச் செய்தது நல்லது என்றே நினைக்கிறேன், அடுத்த வகுப்புகள் எல்லாம் அதன் மேல்தானே நிற்கின்றன.

பாடத் தேர்வுப் படிவத்தோடு இந்த விவரத்தையும் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்கப் பள்ளிகளுக்கு என்ன கஷ்டம்? உங்கள் கல்விப் பக்கத்திலும் இதை விரிவாக எழுதுங்கள். எழுதும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: தேர்வு மார்க்கை ஐபி அமைப்போ காலேஜ் போர்டோ நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும்படி மாணவர் தரப்பிலிருந்து கேட்க வேண்டும், வீட்டில் இருக்கும் சான்றிதழின் நகலைக் காட்டினால் பொதுவாக ஏற்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்