இரட்டை இசைத்தட்டில் இரண்டாம் தட்டு இல்லை: முழு செட்டையும் மாற்றித் தரக் கோரும் புகார்

பெறுநர்: குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஸ்லோவாக் பாடகி மரிகா கோம்பிதோவாவின் இரட்டை எல்.பி. (இரண்டு வினைல் இசைத்தட்டு) தொகுப்பில் ஒரே தட்டு இரண்டு முறை வந்திருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் இணையதளத்தில் நான் வாங்கிய மரிகா கோம்பிதோவா தொகுப்பில் இரண்டு உறைகளிலும் இருப்பது ஒரே தட்டுதான். இரண்டாவது தட்டின் நடுவில் உள்ள லேபிளில் இரண்டாம் தட்டின் பாடல் பட்டியல் சரியாக அச்சாகியிருக்கிறது. ஆனால் ஊசியை வைத்தால் முதல் தட்டின் பாட்டு ஓடுகிறது. திருப்பிப் போட்டாலும் அதே கதைதான்.

இதைத் தெரிவித்தபோது உங்கள் சேவைப் பிரிவினர் புகைப்படம் கேட்டார்கள். அனுப்பினேன். லேபிள் சரியாக இருக்கிறது, எனவே பொருளில் குறை இல்லை என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டார்கள். நான் விடாமல் எழுதிய பிறகு, பாதி விலைக்கு கூப்பன் தருவதாகப் பதில் வந்தது. இரண்டையும் என்னால் ஏற்க முடியாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் படிப்பவருக்கு இசைத்தட்டு பழக்கம் இல்லாமல் இருக்கலாம்.

முதலில் லேபிள். அது தட்டு தயாரான பிறகு பசை தடவி ஒட்டுவது அல்ல. சூடான வினைலை இரண்டு அச்சுத் தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தும்போதே லேபிள் காகிதமும் அதோடு சேர்ந்து பதிந்துவிடும். அழுத்தும் இயந்திரத்தில் முதல் தட்டுக்கான தகடுகளை மாட்டிவிட்டு, லேபிளை மட்டும் இரண்டாம் தட்டுக்கானதாக வைத்துவிட்டால், எனக்கு வந்தது போன்ற தட்டுதான் வெளியே வரும். பார்க்க எந்தக் குறையும் தெரியாது. அதனால் லேபிளைப் படம் பிடித்து அனுப்பச் சொல்வதால் ஒன்றும் தெரியப்போவதில்லை.

தெரிய வேண்டுமானால் வேறு இடத்தில் பார்க்க வேண்டும். கடைசிப் பாட்டு முடிந்த பிறகு லேபிள் வரைக்கும் வழுவழுப்பாக ஒரு வளையம் இருக்கிறதே, அதில் ஒரு எண் பொறித்திருக்கும். தட்டை விளக்கொளியில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம். என் முதல் தட்டில் அந்த எண் ஒரு பக்கம் 'ஏ' என்றும் மறுபக்கம் 'பி' என்றும் முடிகிறது. இரண்டாவது தட்டில் 'சி', 'டி' என்று இருந்திருக்க வேண்டும். அதிலும் 'ஏ', 'பி' என்றுதான் இருக்கிறது, முன்னால் உள்ள எண்கள்கூட மாறவில்லை. நான்கு பக்கங்களின் படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். இது கூரியரில் நடந்ததோ பெட்டி கட்டும்போது நடந்ததோ இல்லை, தொழிற்சாலையிலேயே நடந்த தவறு. அப்படியானால் இதே வரவில் வந்த மற்ற செட்டுகளிலும் இது இருக்க வாய்ப்புண்டு. உங்கள் கிடங்கில் உள்ள ஒரு செட்டையாவது பிரித்து அந்த வளையத்தைப் பாருங்கள். பார்க்காமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

சரி, பாதி விலைக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது அந்தப் பதில்தான்.

இரண்டு தட்டில் ஒன்று சரியாக இருப்பதால் பாதிப் பொருள் கிடைத்துவிட்டது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். இந்தத் தொகுப்பு காலவரிசையில் அமைந்தது. முதல் தட்டில் இருப்பது தொடக்கக் காலம்: இசையமைப்பாளர் யான்கோ லெஹோத்ஸ்கியின் மோதுஸ் குழுவில் பாடகர் மிரோ ஜ்பிர்காவோடு மரிகா பாடிய நாட்கள், அந்தக் குழு 1977இல் பிராத்திஸ்லாவா லீரா பாடல் விழாவில் தங்கம் வென்றது, 1979இல் ஓபுஸ் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட மரிகாவின் முதல் தனி ஆல்பம். பெரும்பாலும் லெஹோத்ஸ்கியின் மெட்டுகள். அந்தக் குரலின் இளமை எனக்குப் பிடிக்கும், தட்டின் ஒலித்தரத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நான் பணம் கொடுத்தது இரண்டாம் தட்டுக்காக. 1980 நவம்பர் கடைசியில் மரிகாவுக்குக் கார் விபத்து நடந்தது. அதன் பிறகு அவர் நடக்கவில்லை, சக்கர நாற்காலியில்தான் வாழ்க்கை. அப்போது அவருக்கு வயது 24. கிழக்கு ஸ்லோவாக்கியாவில் ஒரு சின்ன ஊரில் பிறந்து, தலைநகர் பிராத்திஸ்லாவாவில் அப்போதுதான் பெயர் வாங்கத் தொடங்கியிருந்த பெண். பாட்டை விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அடுத்த ஆண்டே புதிய ஆல்பம் கொண்டுவந்தார். 1982இல் வந்த 'ஸ்ல்னெச்னீ கலெந்தார்' ஆல்பத்தில் தாமே மெட்டமைக்கவும் தொடங்கினார். அப்புறம் 1983, 1984, 1986, 1987 என்று வரிசையாக ஆல்பங்கள். கவிஞர் கமில் பெதெராயின் வரிகளுக்கு அவருடைய சொந்த இசை, அதிலேயே அந்தக் காலத்து சிந்தசைசர் ஒலியும் கிட்டாரும். பாடகியாக வந்தவர் இசையமைப்பாளராக ஆன கட்டம் இது. அது முழுக்க இரண்டாம் தட்டில் இருக்கிறது. விபத்துக்கு முந்தைய மரிகாவை மட்டும் இரண்டு முறை எனக்கு அனுப்பிவிட்டு, பாதி கொடுத்தாயிற்று என்று எப்படிச் சொல்கிறீர்கள்? முதல் தட்டுக்குப் பாதி மதிப்பு என்று நீங்களாக முடிவு செய்ததை நான் ஒப்புக்கொள்ளவில்லை. செட்டாக விற்றீர்கள், செட்டாகத்தான் வாங்கினேன்.

உங்கள் விற்பனைப் பக்கத்திலும் தவறுகள் இருக்கின்றன. அவரைச் 'செக் பாடகி' என்றும் பாடல்களின் மொழி 'செக்' என்றும் போட்டிருக்கிறீர்கள். 1993க்கு முன் செக்கும் ஸ்லோவாக்கியாவும் ஒரே நாடாக இருந்தது உண்மைதான். அதற்காக மொழி ஒன்றாகிவிடாது. அவர் ஸ்லோவாக்கியர், பாடுவதும் ஸ்லோவாக் மொழியில். ஓபுஸ் நிறுவனமும் செக் தலைநகர் ப்ராக்கைச் சேர்ந்த நிறுவனம் அல்ல, 1971 முதல் பிராத்திஸ்லாவாவில் தனியாக இயங்கியது. இசை யார் என்ற இடத்தில் எல்லாப் பாட்டுக்கும் லெஹோத்ஸ்கி பெயரைப் போட்டிருப்பது இதைவிடப் பெரிய தவறு. இரண்டாம் தட்டின் உழைப்பு முழுவதையும் மரிகாவிடமிருந்து பறித்து வேறொருவருக்குக் கொடுத்தது போல இருக்கிறது. தயவுசெய்து இவற்றைத் திருத்துங்கள்.

அட்டையின் ஒரு மூலை நசுங்கி வந்தது, அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். சரியான இரண்டாம் தட்டோடு கூடிய முழு செட்டை அனுப்புங்கள். அனுப்பும் முன் நான் சொன்ன வளையத்தில் 'சி', 'டி' இருக்கிறதா என்று ஒருவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். தவறாக வந்ததை உங்கள் செலவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். சரியான செட் கையிருப்பில் இல்லை என்றால் முழுத் தொகையையும், அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்து, நான் பணம் செலுத்திய அதே கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். கூப்பன் வேண்டாம்.

குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளில் தெளிவாக இருக்கிறது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. அதற்குள் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். அங்கே போக எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் இப்படிப்பட்ட இசைத்தட்டுகளை இங்கே வரவழைத்து விற்பவர்கள் மிகக் குறைவு, உங்களிடம் தொடர்ந்து வாங்கவே நினைக்கிறேன்.

ஆர்டர் ரசீது, உங்கள் பதில் மின்னஞ்சல்கள், நான்கு பக்கங்களின் படங்கள், இரண்டாம் தட்டை ஓடவிட்டு லேபிள் தெரியும்படி எடுத்த காணொளி ஆகியவற்றை இணைத்துள்ளேன். பதிலை எழுத்து மூலமாகவே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்