கூடை சுமந்த அக்காமாருக்கு நன்றி

இறக்குவானைப் பக்கத் தோட்டத்து அக்காமாருக்கும், கன்றுகளைக் காத்த மற்ற எல்லோருக்கும்,

வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல என்ன இருக்கிறது. உங்கள் லயத்து வாசலைத் தொட்டுவிட்டுத்தான் எங்கள் நாற்றுமேடைக்கு வந்தது. இன்று அங்கே காட்டுக்காக வளர்க்கும் பெரலிய மரக் கன்றுகள் துளிர் விட்டிருக்கின்றன. அந்தச் சந்தோஷம் ஆறுமுன் எழுதுகிறோம்.

கன்றுப் பைகளை மேட்டுக்குத் தூக்கிவிட்டவர்கள் பலர். அக்காமார்தான் ஒரு வரிசைக்கு ஒரு கொழுந்துக்கூடை என்று பிரித்து, அந்தந்த வரிசையின் பெயர்த்தகட்டைக் கூடைக் கயிற்றிலேயே முடிந்து கொண்டுபோனீர்கள். யாரும் சொல்லித் தரவில்லை. தேயிலை நாற்றுமேடையில் டிஆர்ஐ 2023, டிஆர்ஐ 2025 என்ற இரண்டு தேயிலை இனங்களைக் கலக்கவிடாத கைகள் அல்லவா!

அதன் பெறுமதி வெளியே தெரியாது. பெரலிய போன்ற டூன் வகை மரங்களின் கன்றுகளை இளம்பருவத்தில் இலை பார்த்துப் பிரிப்பது கடினம். தகட்டில் இனத்தின் பெயரோடு தாய்மரத்தின் எண், இடம், விதை எடுத்த நாள் எல்லாம் உண்டு. அது தொலைந்தால் கன்று உயிரோடு இருந்தும் காட்டு மீள்நடுகைக்கு ஆகாது. ஒரே தாய்மரத்துப் பிள்ளைகளைத் தெரியாமல் அருகருகே நட்டால், அவை வளர்ந்து தமக்குள்ளேயே மகரந்தம் மாற்றும். காய்ப்பு குறையும், அடுத்த தலைமுறை நோஞ்சானாகும். திரும்ப விதை பொறுக்கலாம் என்றால், இந்த மரங்கள் ஆண்டுதோறும் ஒழுங்காகப் பூப்பதில்லை. விதையும் உலர்ந்தால் செத்துவிடும். நெல்லைப்போல் காயவைத்து மைனஸ் 18 பாகையில் சேமிக்க வழியில்லை. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஸ்டெமோனோபோரஸ் என்ற மரவகையின் கன்றுகளும் அந்தக் கூடைகளில்தான் இருந்தன.

உழவு இயந்திரம் கொண்டுவந்த தம்பிமார், விகாரை மண்டபத்தைத் திறந்துவிட்டவர்கள், தேநீர் ஊற்றியவர்கள், நிழல்வலை தந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. இனிமேல் ஒவ்வொரு பைக்கும் ஆணியால் எழுத்துப் பதித்த அலுமினியத் தகடு இரண்டு: ஒன்று தண்டருகே, மற்றது மண்ணுக்குள். மை எழுத்தை வெயிலும் மழையும் விட்டுவைப்பதில்லை. பதிவேட்டின் பிரதி ஒன்று மேட்டு வீட்டில் இருக்கும்.

உங்கள் வீட்டோரம் இன்னும் சில பைகள் நிற்கின்றன. இலையில் படிந்த சேற்றை மெல்லத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்; தேய்க்க வேண்டாம், துளிர் உடையும். பையின் அடித்துளை அடைத்திருந்தால் ஈர்க்கால் குத்திவிடுங்கள். தேங்கும் நீரில் வேர் மூச்சடைத்து அழுகும். மேல்மண் சற்று உலரும்வரை தண்ணீர் வேண்டாம், உரமும் இப்போது கூடாது. நேர்வெயிலுக்கு எடுக்காதீர்கள். பையிலுள்ள காட்டு மண்ணைக் கொட்டிவிட்டு வேறு மண் போடவும் வேண்டாம். வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை அதில்தான் இருக்கிறது. வேர் கறுத்து நாறினால் அந்தப் பையை மட்டும் தள்ளி வையுங்கள், தகட்டைக் கழற்றாமல். நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

நாற்றுமேடைக் குழுவினர்